உடம்புச் சூடு என்று நினைத்தேன்

போன வருடம் மழைக்காலத்தில், புனே நிக்டியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் பிம்ப்ரியில் ஒரு மாத்திரை கம்பெனியில் பல வருடமாக பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். காய்ச்சலோ வயிற்றுவலியோ, அக்கம்பக்கத்தார் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி மாத்திரை பெயர் சொல்வேன். அவ்வளவு திமிர் எனக்கு.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். பாலியல் தொற்றுநோய்கள் பற்றி ஒரு வகுப்பு நடக்கிறதாம், பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று திட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் நேரே அப்பாவிடம் போயிருக்கிறாள். அவர் தளேகாவ் ஃபேக்டரிக்குக் கிளம்பும் அவசரத்தில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு அது தெரியவே தெரியாது.

அப்போது எனக்கு மாதக்கணக்கில் வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் இருந்தது. உடம்புச் சூடுதான் என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். கேட்கவில்லை. மெடிக்கலில் நானே பெயர் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டேன். கொஞ்சம் குறைந்ததும் நிறுத்திவிடுவேன், மறுபடி வரும். மூன்றாவது தடவை மாத்திரை அட்டையைப் பிரிக்கும்போது மகள் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சூடு என்றேன்.

புனேயிலேயே வளர்ந்த அவளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். அன்றைக்கு மட்டும் தடுமாறவில்லை.

"அரே, சூடு இல்லம்மா. இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம். டெஸ்ட் பண்ணாம மாத்திரை போடக் கூடாது. சிலது அப்பாவும் சேர்ந்து சாப்பிட்டாதான் போகும். கிளாஸ்ல சொன்னாங்க."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அதட்ட வாயெடுத்தேன், அடிவயிறு சுருக்கென்று இழுத்தது. பயந்துபோய் மறுநாளே ஒரு பெண் டாக்டரிடம் போனேன். டெஸ்டில் பாலியல் தொற்று என்றே வந்தது. இன்னும் இழுத்தடித்திருந்தால் கர்ப்பப்பையையே பதம் பார்த்திருக்கும் என்றார். கணவரையும் கூட்டிவரச் சொன்னார்.

இவர் வரமாட்டேன் என்றார். தனக்கு ஒன்றுமே இல்லையே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

"யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு அப்புறம் பேசிக்கலாம். இப்ப செருப்பைப் போடுங்க" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சிலருக்கு அறிகுறியே இல்லாமல் வெகுநாள் உடம்பிலேயே இருக்கும் என்று டாக்டர் அவருக்கும் விளக்கினார். சொன்ன நாள்வரை இருவரும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டோம். பிறகு பேசியது, அழுதது எல்லாம் எங்களுக்குள் இருக்கட்டும்.

குணமானதும் மகளிடம் நன்றி சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஹோம்வொர்க் எழுதப் போய்விட்டாள். நான் பேசவே வெட்கப்பட்ட விஷயத்தை என் பெண் வெட்கப்படாமல் என் முகத்துக்கு நேரே சொன்னாள், அதனால்தான் இன்றைக்கு நான் நன்றாக இருக்கிறேன்.