மிளகாய் எங்கள் மொழியில் பெண்பால்

என் அம்மா ஸகோர்கா யாரிடமும் வாயால் மன்னிப்புக் கேட்டதில்லை. தவறு தன்மேல் என்று தெரிந்தால் அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். நான் பள்ளியில் படித்த காலத்தில், செய்யாத குற்றத்துக்காக ஒருநாள் என்னை அடித்துவிட்டாள். மறுநாள் என் தட்டில் அரிசியும் கறியும் அடைத்து வேகவைத்த குடைமிளகாய் இருந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை, இருவரும் சண்டை போட்டால் அடுத்த நாள் பீன்ஸ் குழம்பு மண்சட்டியில் மெல்லக் கொதித்துக்கொண்டிருக்கும். அப்பா இரண்டாவது கிண்ணம் கேட்டால் சண்டை முடிந்தது என்று பொருள். அப்பா எப்போதும் கேட்பார். உலகத்தில் எல்லோரும் அப்படிக் கேட்பார்கள் என்று அம்மா நம்பிவிட்டாள்.

எங்கள் ஊரான லெஸ்கோவத்ஸில் காய்கறி பதப்படுத்தும் தொழிற்சாலை ஒன்றில்தான் அவள் ஓய்வுபெறும்வரை வேலை பார்த்தாள். ரப்பர் பூட்ஸ், வெள்ளைத் தொப்பி, முழங்கைவரை கையுறை. சிவப்புக் குடைமிளகாய்கள் தீயில் கருகி, தண்ணீர்ப் பீச்சலில் தோல் உரிந்து, ஓடும் பட்டையில் அவள் முன்னால் வரும். ஒட்டிக்கொண்டிருக்கும் தோலையும் விதையையும் கிள்ளி எடுப்பது அவள் வேலை. அங்கே அரைத்து, காய்ச்சி, பாட்டிலில் அடைக்கும் அய்வார் என்ற மிளகாய் விழுது எந்தெந்த நாட்டுக் கடைகளுக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை. "தண்ணியில கழுவின மிளகாய்க்கு என்ன ருசி இருக்கப் போகுது. திங்கறவன் தலையெழுத்து" என்பாள்.

செப்டம்பரில் நாளெல்லாம் மிளகாயோடு நின்றுவிட்டு வந்து, சாயங்காலம் வீட்டிலும் அதே மிளகாய்தான். ஊரே அப்படித்தான் இருக்கும். எங்கள் இரண்டு குடியிருப்புகளுக்கும் நடுவில் உள்ள முற்றத்துக்குக் கீழ்வீட்டு ஸ்பாசோயே தன் இரும்பு அடுப்பை இழுத்து வருவார். அடுப்பின் மேல்தகட்டில் மிளகாயைப் புரட்டிப் புரட்டிச் சுட்டு, பானையில் போட்டு மூடி, அது தன் ஆவியிலேயே புழுங்கியதும் தோலை உரிப்போம். கை ஒட்டினாலும் தண்ணீர் தொடக்கூடாது. பிறகு அரைத்து, எண்ணெய் ஊற்றி, மரக்கரண்டி போகும் வழியில் பானையின் அடி தெரியும்வரை கிளற வேண்டும்.

இதற்காகவே வருடம் தவறாமல் வியன்னாவிலிருந்து லீவு போட்டுவிட்டு வருவாள் அம்மாவின் தங்கை தாரிங்கா. அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. தோல் உரிப்பதில் அவள் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. ஆனால் கடைசி வேலை அவளுடையது. காரப் பாட்டில்களின் கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டுவாள். நூல் இல்லாதது காரமில்லாதது. இது சின்ன வயதிலிருந்து அவர்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு. அந்த நூல்கண்டை வேறு யாரும் தொடுவதில்லை.

ஒரு வருடம் சித்தி தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். லேபிளில் முக்காடு போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வியன்னாவுல எங்க தெருமுனை சூப்பர்மார்க்கெட்ல வாங்கினது. ருசி பாத்துச் சொல்லு."

அம்மா ரொட்டித் துண்டில் கொஞ்சம் தடவி வாயில் போட்டாள். முற்றத்தில் இருந்த எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"கேரட்டுக்கும் சர்க்கரைக்கும் கல்யாணம் நடந்திருக்கு. மிளகாய் மொய் எழுதிட்டுப் போயிருக்கு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "இதச் செஞ்சவளுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா? எங்கேருந்துதான் ஆள் பிடிச்சாங்களோ."

ஸ்பாசோயே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாட்டிலைத் திருப்பினார். "சின்ன எழுத்துல என்னமோ போட்டிருக்கான்... லெஸ்கோவத்ஸ்... அட, அக்கா, இது உங்க கம்பெனி."

முற்றமே வெடித்துச் சிரித்தது. அதிகம் சிரித்தவள் சித்திதான். அவளுக்கு முன்பே தெரியும். இந்த ஒரு வேடிக்கைக்காகவே அவ்வளவு தூரம் அதைச் சுமந்து வந்திருந்தாள்.

"ஆள் எங்கேருந்து பிடிச்சாங்கன்னு தெரிஞ்சுதா அக்கா? நாக்கை நீட்டு, இருக்கான்னு பாப்போம்."

"விடு தாரிங்கா" என்றார் ஸ்பாசோயே. "அய்வார்ங்கற பேரு துருக்கிக்காரன் குடுத்தது, மிளகாய் கடல் தாண்டி வந்தது, இப்போ தயாரா பாட்டில்ல வியன்னாவுலேருந்து வருது. நமக்குன்னு மிச்சம் இருக்கறது தோல் உரிக்கற வேலைதான்."

அம்மா சிரிக்கவில்லை. அவள் காதுகள் சிவந்திருந்தன. கையில் இருந்த மிளகாயைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "பெத்து வளத்திருந்தா, கடைப் பாட்டில வாங்கி ஊட்ட மனசு வராது. உனக்கென்ன."

சித்திக்குக் குழந்தை தங்கவில்லை. இரண்டு முறை கலைந்தது. இரண்டாவது முறை, லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று மேஸ்திரியை மிரட்டிவிட்டு, வியன்னா ஆஸ்பத்திரியில் போய் அவள் பக்கத்தில் இருந்தவள் அம்மாதான்.

சித்தி கையைத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டாள். மடியில் இருந்த நூல்கண்டை மேஜைமேல் வைத்தாள். மாடிக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, எங்களைக் கடந்து, பஸ் நிலையம் இருக்கும் பக்கமாக நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். "நீ போ நேதா, கை எரியும், முகத்தைத் தொட்டுடாத" என்றாள். அவ்வளவுதான்.

நான் திரும்பி வந்தபோது அம்மா உரித்துக்கொண்டிருந்தாள். "இந்த மூட்டை சரியில்ல, தோல் ஒட்டிக்கிட்டு வருது" என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் போனைத் தொடவில்லை.

"ஒரு வார்த்தை பேசேன்மா" என்றேன்.

"போன்ல என்னத்தப் பேசறது?"

"தப்பா சொல்லிட்டேன்னு சொல்லு."

"அது அவளுக்குத் தெரியாதா? கூடப் பொறந்தவ."

"தெரிஞ்சாலும் கேக்கணும்னு இருக்கும்ல."

"நீ நடுவுல வராத. காலேஜ்ல படிச்சவங்க பாதிப் பேரு இப்படித்தான், எல்லாத்தையும் வாயால சொல்லணும்." பிறகு, "செப்டம்பர்ல வருவா" என்றாள்.

அடுத்த செப்டம்பரில் வழக்கத்தைவிட அதிகமாக மிளகாய் வாங்கினாள். முற்றத்தில் ஒரு நாற்காலியைச் சும்மா போட்டு வைத்தாள். ஸ்பாசோயே அதில் காலை நீட்டப் போனபோது, "அங்க ஆள் வருது" என்றாள். ஆள் வரவில்லை. மூட்டைகள் தீர்ந்தன. கடைசி நாள் அம்மா தனியாக ஒரு சின்னப் பானையை ஏற்றினாள். அது சித்திக்கு. மெலிந்த காரமிளகாய்களைத் தேர்ந்தெடுத்து, விதையையும் நரம்பையும் நகத்தால் சுரண்டி, சித்திக்குப் பிடித்த மாதிரி நாக்கில் மெதுவாக ஏறும் காரமாகச் செய்தாள். இன்னொரு பாட்டில் காரமே இல்லாமல், வயிற்றுப்புண்காரரான சித்தப்பா திஹோமிருக்கு.

"நான் நூல் கட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"அது அவ வேலை. வந்து கட்டட்டும்." நூல்கண்டைத் தொடாமல், என் மேஜையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து மூடிகளில் எழுதினாள். அந்த வருடத்துப் பாட்டில்கள் எல்லாவற்றுக்கும் அப்படியே. காரமில்லாததில் 'பிளாகா'. காரமானதில் 'லியூதா'.

மிளகாய் எங்கள் மொழியில் பெண்பால். 'பிளாகா' என்றால் சாந்தமானவள். 'லியூதா' என்றால் காரமானவள். காரத்துக்கும் கோபத்துக்கும் எங்களிடம் ஒரே சொல்தான். சமையலறையில் அதைக் கேட்டால் யாரும் கோபத்தை நினைப்பதில்லை. வேறு இடத்தில் கேட்டால் யாரும் மிளகாயை நினைப்பதில்லை.

இரண்டு பாட்டில்களையும் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, வியன்னா பஸ் ஓட்டும் ரத்தோமிரிடம் கொடுத்தாள்.

"கவுக்காம கொண்டு போ தம்பி."

"நான் ஆளுங்களையே கவுத்ததில்ல அக்கா, பாட்டில கவுப்பேனா?"

அவன் திரும்பி வந்த அன்று நிலையத்தில் காத்திருந்தாள். நானும் கூட இருந்தேன். "குடுத்துட்டேன்" என்றான், பெட்டிகளை இறக்கிக்கொண்டே. "என்ன சொன்னா?" என்று அம்மா கேட்டாள். "பிரிச்சுப் பாத்தா. ஒண்ணும் சொல்லல."

அதன் பிறகு அம்மா போனைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டாள். அது அடிக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு எழுவாள். ஆனால் நான்தான் எடுக்க வேண்டும். கிறிஸ்துமஸும் வந்து போனது. அன்று மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவின் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "தாரிங்கா ரெண்டாவது கேக்கல பாத்தியா. அப்போ ஆறல."

"நீயே பேசினா என்ன?"

"செஞ்சு அனுப்பிட்டேனே நேதா. அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்."

பனி உருகத் தொடங்கிய சமயத்தில் அவள் சமையலறையிலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே இறந்துபோனாள். நான் சித்திக்குப் போன் செய்தேன். அவள் அன்றே கிளம்பினாள். எல்லையில் தாமதமாகிப் பஸ் வந்து சேர்வதற்குள் நாங்கள் அம்மாவை அடக்கம் செய்துவிட்டோம்.

சித்தி கல்லறைக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். கறுப்பு முக்காட்டை அவிழ்க்காமல் சமையலறையில் உட்கார்ந்தாள். நான் காப்பி வைத்தேன். அவள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தாள். திறக்கப்படாத பாட்டில்.

"உன் சித்தப்பா தூக்கிப் போடச் சொன்னாரு. என்னால முடியல" என்றாள். "திருப்பிக் குடுக்க வந்தேன்னு நினைக்காத. ஒண்ணு கேக்கணும். நீ கூட இருந்தவ, உனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் அக்கா கோபமாத்தான் இருந்தாளா?"

"எதுக்கு சித்தி அப்படிக் கேக்கறீங்க?"

"அவதானே எழுதி அனுப்பினா." மூடியை என் பக்கம் திருப்பினாள். "வருஷமெல்லாம் ஒரு வார்த்தை இல்ல. பிரிச்சுப் பாத்தா இது ஒண்ணுதான். 'லியூதா'. கோபமா இருக்கேன்னு. சரி, அவளுக்கு ஆறட்டும், ஆறினா அவளே கூப்பிடுவான்னு நானும் இருந்துட்டேன். பேச்சு வாங்கினவ நான், கோபம் அவளுக்கான்னும் இருந்துச்சு."

சாமான் அறையின் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். சித்தி எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். பலகையில் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. பிளாகா, பிளாகா, லியூதா, பிளாகா, லியூதா. அம்மாவின் அவசரமான, உருண்ட எழுத்து.

சித்தி அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். "நூல் எங்க?" என்றாள்.

"நீங்க வந்து கட்டணும்னு வெச்சிருந்தாங்க. அதான் எழுதினாங்க."

"இன்னொண்ணும் அனுப்பினாளா?"

"சித்தப்பாவுக்கு. காரமில்லாதது. ரெண்டும் சேத்துத்தான் குடுத்தோம்."

அவள் அங்கேயே, உருளைக்கிழங்குக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "ஒண்ணுதான் வந்துச்சு நேதா" என்று மட்டும் இரண்டு மூன்று முறை சொன்னாள். "ரெண்டும் வந்திருந்தா தெரிஞ்சிருக்குமே."

பிறகு நான் ரத்தோமிரைக் கேட்டேன். எல்லையில் யாரோ பெட்டிமேல் சூட்கேஸை வைத்ததில் ஒரு பாட்டில் உடைந்துவிட்டதாம். "எண்ணெயெல்லாம் என் சட்டை மேல. சொன்னா அக்கா வருத்தப்படும்னு விட்டுட்டேன். ஒரு பாட்டில்தானே" என்றான். நான் அவனுக்கு மற்றதைச் சொல்லவில்லை. வருடத்தில் பாதி நாள் அந்தச் சாலையில் ஓட்டுகிறவன். எதற்கு அதையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

அந்த வருடம் செப்டம்பரில் சித்தி வந்தாள். அம்மா சும்மா போட்டு வைத்த அதே நாற்காலியில் உட்கார்ந்து உரித்தாள். அவள் உரித்ததில் பாதித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பாசோயே பார்த்துவிட்டு, "அக்கா இருந்தா இத நாய்க்குப் போட்டிருப்பா" என்றார். "நாய்க்கும் போட்டிருக்க மாட்டா" என்றாள் சித்தி. பாட்டில்கள் ஆறியதும் நூல்கண்டை எடுத்துக் கட்டினாள். மார்க்கர் பேனாவை நான் அதற்கு முன்பே எங்கோ எடுத்து வைத்துவிட்டேன்.

வியன்னா வரை போய்த் திரும்பிய பாட்டில் மட்டும் இன்னும் சாமான் அறையில் இருக்கிறது. சித்தி ஊருக்குக் கிளம்பும்போது அதற்கும் ஒரு நூல் கட்டினாள். எண்ணெய் மேலே கறுத்துவிட்டது. இனி சாப்பிட முடியாது. ஸ்பாசோயே பார்க்கும்போதெல்லாம் தூக்கிப் போடச் சொல்கிறார். தூசி தட்டும்போது அதன் மூடியைப் படிக்கிறேன். அது மிளகாயைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். எழுதும்போது பக்கத்தில் நின்றவள் நான். இருந்தும் சில நாட்களில், படித்தவுடன் அப்படித் தோன்றுவதில்லை.