அடுப்புக் குமிழைத் திருடியது யார்?

யோகம் வீட்டில் முதலில் காணாமல் போனது குளியலறை வாசலில் கிடந்த கால்மிதி. பிறகு சாமி மாடத்துக் குத்துவிளக்கு. பிறகு தேங்காய் துருவும் திருவலை. கடைசியாக, கேஸ் அடுப்பின் இரண்டு குமிழ்களில் ஒன்று. அலமாரியில் இருந்த அட்டியலை யாரும் தொடவில்லை.

“இது எந்த ஊர்க் கள்ளன், பாப்பம்மா? தங்கத்தை விட்டுட்டுக் கால்மிதியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்!” என்றாள் யோகம்.

“கால் நனைஞ்சிருக்கும்,” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீடுகள் பக்கத்துப் பக்கத்தில். யோகத்தின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் கிளார்க்காக இருந்தவர். அவளும் ஓய்வு பெறும்வரை ஒரு கப்பல் கம்பெனியில் தட்டச்சு செய்தாள். கணவர் குலசிங்கம் இறந்த பிறகு தனியாக இருக்கிறாள். அது அவளுக்குப் பிடித்தும் இருக்கிறது. மகன் சஞ்சீவன் சுவா சூ காங்கிலிருந்து ஞாயிறுதோறும் வருவான். போன வருடம் அவள் பால் சட்டியைக் கருக விட்டபோது, “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எங்க வீட்டுக்கே வந்துடணும்மா” என்று சொல்லிவிட்டான். அதனால் திருட்டைப் பற்றி அவனிடம் அவள் மூச்சு விடவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை.

எனக்குக் குழப்பம்தான். என் கணவர் பக்கவாதத்தில் படுத்தபோது பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள் நான். மறதி நோய் வந்தவர்கள் பொருளைத் தாங்களே ஒளித்துவிட்டுத் திருட்டுப் போனதாகச் சொல்வதுண்டு. அதனால் அரிசி டின், ஃபிரிட்ஜ், தலையணை உறை எல்லாவற்றிலும் தேடினேன். ஒன்றும் இல்லை. இன்று என்ன கிழமை, சந்தைக்கு எந்த பஸ் என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். உடனே சொன்னாள். “உனக்கு மறந்து போச்சோ?” என்று என்னைப் பாவமாக வேறு பார்த்தாள். அவள் மூளை சரி என்றால் கள்ளன் நிஜம். கள்ளன் நிஜம் என்றால் அவன் மூளை சரியில்லை. அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

யோகம் தேக்கா சந்தைக்குப் போய்ப் புதுப் பூட்டுகள் வாங்கி வந்து இரும்புக் கேட்டில் மாட்டினாள். உள்ளே இருக்கும்போதும் பூட்டிக்கொண்டாள்.

“தீப்பிடிச்சா எப்படி வெளிய வருவே?”

“தீ எப்பவாவது வரும். கள்ளன் வந்துகொண்டே இருக்கிறானே!”

அந்த ஞாயிறு சஞ்சீவன் என் கதவைத் தட்டினான். “ஆன்ட்டி, வாங்க! கேட்ல புதுப் பூட்டு போட்டிருக்கு. அம்மா உள்ள இருக்காங்க. கருகுற வாடை வருது.”

போனேன். ஜன்னல் வழியாகப் புகை வந்தது. உள்ளே யோகம் இங்கும் அங்கும் அலைந்துகொண்டிருந்தாள்.

“சாவியைக் காணலை! குறட்டையும் காணலை!”

“குறடு எதுக்கு இப்ப?”

“குறடு இல்லாம அடுப்பை எப்படித் திருப்பி அணைக்கிறது?”

“சாவியை விடு, குறட்டை விடு. சிலிண்டரை மூடு!” என்று கத்தினேன். போய் மூடினாள். பிறகு நிதானமாகத் தேடியபோது சாவி அவள் கைப்பையிலேயே இருந்தது. பருப்பு கரியாகியிருந்தது. சேதம் அவ்வளவுதான்.

உள்ளே வந்ததும் சஞ்சீவன் ஆரம்பித்தான். “போதும்மா. ரூம் ரெடியா இருக்கு, கிளம்புங்க. அடுப்பை அணைக்கக் குறடு தேடுறீங்களே, என்ன இது?”

“பெரிய அடுப்புக் குமிழைத்தான் கள்ளன் கொண்டு போயிட்டானே!” அவளுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

அவன் முகம் மாறியது. “கள்ளனா? நான்தான்மா எடுத்தேன். ரெண்டு அடுப்பும் ஒண்ணா எரிய வேணாம்னு.”

“விளக்கு?”

“திரைச்சீலை பத்திக்கும்.”

“கால்மிதி?”

“வழுக்கும்லா. நீங்க மத்தியானம் தூங்குறப்ப எடுத்துட்டுப் போனேன். சொன்னா சண்டை போடுவீங்க.” பிறகு என்னைப் பார்த்து, “இத்தனை எடுத்தும் அம்மா ஒரு வார்த்தை கேக்கல, ஆன்ட்டி. எல்லாம் மறந்துபோச்சுன்னு நினைச்சேன். அதுக்குத்தான் ரூமே தயார் பண்ணினேன்,” என்றான்.

“கேட்டா கூட்டிக்கொண்டு போயிடுவாய் என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன், மடையா!”

ஆபத்தை அகற்ற வந்த மகன் அம்மாவைக் குறட்டால் அடுப்பு பற்றவைக்க விட்டான். கள்ளனுக்குப் பயந்த அம்மா தன்னையே பூட்டிக்கொண்டாள். யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் இருவரையும் சேர்த்தே திட்டினேன்.

சஞ்சீவன் கீழே போய்க் காரிலிருந்து ஒரு பையைக் கொண்டு வந்தான். கால்மிதி, விளக்கு, குமிழ். யோகம் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

“திருவலை எங்கே?”

“திருவலையா? அதை நான் எடுக்கலையேம்மா.”

“நல்லா யோசி, தம்பி.”

“சத்தியமா இல்லைம்மா.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “அப்ப நான்தான் எங்கேயோ வச்சேனோ?”

சஞ்சீவன் வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு, குமிழை எடுத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனான்.

“ஒரு திருவலைக்காக யாரும் வீடு மாற வேண்டாம்,” என்றேன். “புதுப் பூட்டெல்லாம் இன்னிக்கே கழட்டு. சாவியைக் கதவுக்குப் பின்னால ஆணியில மாட்டு. பாலிகிளினிக்ல ஒரு நாள் டாக்டர்கிட்ட காட்டிடலாம், நானும் வரேன். அதுவரைக்கும் என் துருவியைக் கொண்டுவந்து தரேன்.”

“வேண்டாம்,” என்றாள் யோகம். “அதையும் கள்ளன் கொண்டு போயிடுவான்.”

அவள் கேலி செய்தாளா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.