திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு மஞ்சள் கார்

நாளை கார் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு இன்டர்வியூ. எங்கள் வீட்டில் படித்து வேலைக்குப் போகப்போகிற முதல் ஆள் நான். முதல்நாளே விழுப்புரத்திலிருந்து வந்து, சாமி கும்பிட்டுவிட்டுத் திருநீர்மலை அடிவாரத்தில் நிற்கிறேன். பூஜைக்கு வந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே, இதுவரை போனில் மட்டுமே பார்த்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார்! என் இடுப்பு உயரம்தான் இருக்கிறது.

இன்ஜினுக்குப் பொட்டு வைக்க, பூஜை செய்பவர் முன்மூடியைத் திறக்கிறார். உள்ளே ஒரு துணிப்பை மட்டும் இருக்கிறது.

"இன்னா சார், இன்ஜின் இல்லாத வண்டிய உன் தலைல கட்டிட்டானா?" என்று கார்க்காரரிடம் கேட்கிறார் எலுமிச்சம்பழம் விற்கும் அக்கா.

"இதுக்கு இன்ஜின் பின்னாடிக்கா," என்று என்னையறியாமல் சொல்லிவிடுகிறேன்.

கார்க்காரர் சிரித்துக்கொண்டே பின்மூடியைத் தூக்குகிறார். "வாங்க தம்பி, நீங்களே பொட்டு வைங்க."

படத்தில் பார்த்துப் படித்த இன்ஜின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குங்குமத்தைத் தொட்டுப் பொட்டு வைக்கிறேன்.

சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் உறுமிப் போனதும், இன்டர்வியூ விஷயத்தை அக்காவிடம் சொல்கிறேன். ஒரு பழத்தை என் கையில் திணிக்கிறார்.

"என்கிட்ட வண்டி இல்லையேக்கா."

"அதனால இன்னா? காலைல ஷூவுக்கு அடியில வச்சி நசுக்கினு போ!"