லோரா நடந்த கேசட்

சட்டைத் தொழிற்சாலையில் காஜா எடுக்கும் நெவேனாவின் கண்ணெதிரே வீடியோ கேமராவைத் தூக்கினால் எங்கள் தெருவில் ஒருத்தரும் வாலாட்ட முடியாது. "குழந்தையை எடுக்கணும்னா தரையில உக்காரு! சும்மா சும்மா ஜூம் போட்டுக் கிட்ட இழுக்காத. பத்து எண்ணுற வரைக்கும் கை அசையக்கூடாது. தின்கிற வாயை எல்லாம் எதுக்குடா எடுக்குற?" என்று எரிந்து விழுவாள். எல்லாம் அவள் அண்ணன் ஓக்னியான் செய்த புண்ணியம்.

மகள் லோரா எழுந்து நிற்கத் தொடங்கியிருந்த சமயம் அது. கணவன் ரூமென் ஸ்பெயினில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் பிள்ளை முதலடி வைக்கும் பருவத்தில் வட்ட ரொட்டி சுட்டுத் தரையில் உருட்டுவோம். துணிமேல் கத்தரிக்கோல், பேனா, சீப்பு, கரண்டி என்று பரப்பிவைத்து, நடந்துபோய் எதை எடுக்கிறது என்று பார்ப்போம்; எடுப்பதுதான் பிற்காலத் தொழில் என்பது நம்பிக்கை. ஆயுளுக்கு ஒரு தடவைதான். "அதை மட்டும் எப்படியாவது பிடிச்சு அனுப்பிடு" என்று ரூமென் கெஞ்சியிருந்தான்.

ஓக்னியானும் பிடித்தான். எதை? விருந்துக்கு வந்த சொந்தக்காரர்களில் ஒருத்தரை விட்டாலும் சாகும்வரை பேசமாட்டார்களே என்று பயந்து, மேசையைச் சுற்றி ஆளுக்கு ஆள் கேமராவோடு நின்றான். அவர்களும் கோப்பையைத் தூக்கி ரூமெனுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். பென்கா அத்தை தன் மூட்டுவலியிலிருந்து ஆரம்பித்தாள். அப்போது பார்த்து லோரா பிடித்திருந்த நாற்காலியை விட்டாள்.

"அண்ணே, இங்க திருப்பு! நடக்கப்போறா!"

"இரும்மா, அத்தை பேசிட்டிருக்காங்க. பாதியில விட்டா என்ன நினைப்பாங்க?"

"அத்தையாவது மண்ணாங்கட்டியாவது! திருப்புறியா இல்லையா?"

கைதட்டல் கிளம்பியது. குழந்தை கையில் கத்தரிக்கோல் இருந்தது.

கேசட்டில் அத்தை முழுசாக இருந்தாள். அன்றைக்கு அண்ணனிடமிருந்து பிடுங்கிய கேமராவை நெவேனா இன்றுவரை திருப்பித் தரவில்லை. வேறு வழியில்லாமல் அந்தக் கேசட்டையே அனுப்பிவைத்தாள்.

ரூமென் போன் செய்தான். "இங்க நம்ம ஊர்க்காரங்க ஏழு பேர் சேர்ந்து பார்த்தோம். அவனவன் சொந்தக்காரங்களப் பார்த்துட்டு சந்தோஷமா இருக்கான். எனக்குக் கைதட்டல் மட்டும் கேட்டுச்சு. போகட்டும், நீ பார்த்தியே, அது போதும். சொல்லு, எந்தக் காலை முதல்ல வச்சா?"

நெவேனா பார்த்திருந்தால் அல்லவா சொல்வதற்கு! பிள்ளை நடந்த நேரம் முழுக்க அவள் அண்ணன் மூஞ்சியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"வலது கால்தான்" என்றாள். சொல்லிவிட்டு, போனிலேயே அண்ணனைத் திட்டத் தொடங்கினாள்.