யாரும்மா செத்தது?

டொனாட்டாவின் அலமாரியில் வெளுத்துப்போன கறுப்புச் சட்டைகள் ஐந்து இன்னும் தொங்குகின்றன. இப்போது அவளுக்கு லெச்சே நகரத்தில் மேசை வேலை. எந்த நிறத்தில் போனாலும் கேட்க ஆளில்லை. அதுதான் அவளுக்குக் குறை.

அப்போதெல்லாம் செயற்கைக்கோள் கடக்கும் நாளில் காலை பத்தரைக்குள் ஆலிவ் தோப்பில் நிற்க வேண்டும். மேலே அது வெளிச்சத்தை இருநூறு நிறங்களுக்கு மேல் பிரித்துப் படம் எடுக்கும். கீழே இவள் அதே நேரத்தில் இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கைக்கருவியால் அளந்து, படம் சொல்வது சரிதானா என்று பார்ப்பாள். வெள்ளைச் சட்டையில் பட்ட வெயில் இலைமேல் தெறித்தால் அளவே கெட்டுவிடும். அதனால் கொளுத்தும் ஜூலை வெயிலிலும் தலை முதல் கால்வரை கறுப்பு. யாராவது வெள்ளையில் கிட்ட வந்தால், அப்பா என்றும் பார்க்காமல் துரத்துவாள்.

அந்த ஊரில் கறுப்பு என்றால் துக்கம். அப்பா கோசிமோ வாசலில் காப்பியோடு உட்கார்ந்து தவறாமல் கேட்பார்.

"யாரும்மா செத்தது?"

"யாரும் இல்லப்பா. வேலை."

ஒரு வருஷம் படத்தில் அவருடைய தோப்பே நோயைக் காட்டும் சிவப்பில் வந்தது. கைக்கருவியும் அதையே சொன்னது.

"பச்சைப்பசேல்னு நிக்குது. உன் மிஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"நோய் உள்ள இருக்குப்பா. நம்ம கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள பக்கத்துத் தோப்புக்கும் போயிடும்."

இலையைச் சோதித்தார்கள். நோய்தான். மரங்களை வெட்டினார்கள். மறுநாள் காலை வாசலில் காப்பி இருந்தது, கேள்வி இல்லை. கட்டிய ஷூ கயிற்றையே அவிழ்த்துக் கட்டி அவள் காத்திருந்ததுதான் மிச்சம். பெற்ற மகளிடம் ஒரு மனுஷன் இப்படியா வீம்பு பிடிப்பார்? பிடித்தார், ஒன்றரை வருஷம்.

பிறகு நோய் தாங்கும் கன்றுகளை அதே மண்ணில் நட்டார், மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

அடுத்த ஜூலையில் அவள் அந்தக் கன்றுகளை அளந்துகொண்டிருந்தாள். கற்சுவர் இடைவெளியில் அப்பா வந்தார். சாவு வீட்டுக்கு மட்டும் போடும் கறுப்புக் கம்பளிக் கோட்டு, கழுத்துவரை பொத்தான், முகமெல்லாம் வியர்வை. அவள் கருவியைக் கீழே இறக்கினாள்.

"யாருப்பா செத்தது?"

"யாரும் இல்லம்மா. வேலை." பக்கத்தில் வந்து நின்றார். "இந்தக் கன்னையும் அள."

அதை மட்டும் அவள் இரண்டு முறை அளக்க வேண்டியிருந்தது. முதல் முறை கண் கலங்கி எண்ணே தெரியவில்லை.