உமாதேவி மாட்டிய பெட்டி

உமாதேவிக்குப் புதூர் பக்கம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கோவில்பட்டியில் நந்தகோபாலின் தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய சித்தி வள்ளிமயில் வேறொரு ஆபீஸில் தீப்பட்டு ஒரு கையை இழந்தவள்.

மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சிகள் காயும் அறையில் உமா ஒரு சின்னக் கணினிப் பெட்டியை மாட்டினாள். அறையின் சூட்டையும் புகையையும் சென்சார் வழியாகக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஆபத்து என்று கண்டால், எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்காமல் தானே மோட்டாரை நிறுத்தித் தண்ணீரைத் திறந்துவிடும்.

பங்குனி வெயிலில் அது இரண்டு முறை வீணாக நிறுத்திவிட்டது. குச்சிகளெல்லாம் நனைந்து பாழாயின. நந்தகோபால் கொதித்துப்போனார்.

“இனிமே இந்தப் பெட்டி எனக்குப் போன்ல கேக்கணும். நான் சரின்னு சொன்னாத்தான் நிறுத்தணும்.”

“வீணா நின்னது என் தப்பு அண்ணாச்சி. ஒரே சென்சார நம்பிட்டேன். அத சரி பண்ணுதேன். ஆனா உங்களக் கேட்டுட்டு நிறுத்துற மாதிரி செய்ய மாட்டேன். நீங்க போன எடுக்குற வரைக்கும் தீ பொறுத்துக்கிடுமா?”

“ஆபீஸ் என்னுது.”

“உள்ள நின்னு வேல பாக்குற பொம்பளைக உசுரு அவியளது.”

மறுநாள் முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெட்டியையும் கழற்றச் சொன்னார்.

காயும் அறையில் வேலை பார்க்கும் சுடலையம்மாள், வெறும் சுவரைப் பார்த்ததும் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டாள். மற்ற பெண்களும் பின்னாலேயே வந்தார்கள்.

“பெட்டிய மாட்டுனாத்தான் உள்ள வருவோம். ஏட்டி, ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது!”

மேஸ்திரி கெஞ்சினார், மிரட்டினார். யாரும் அசையவில்லை. வாரக் கடைசியில் நந்தகோபாலே உமாவைக் கூப்பிட்டார்.

உமா வந்து மூன்று சென்சார்களை வைத்தாள். அவற்றில் இரண்டாவது ஒரே மாதிரி ஆபத்து என்று சொன்னால்தான் பெட்டி நிறுத்தும். முதலாளிக்குத் தகவல் போகும்; அனுமதி கேட்காது. இதில் மட்டும் அவள் இறங்கி வரவில்லை.

வைகாசியில் பலத்த காற்று வீசிய ஒரு மத்தியானம் ஊர் முழுக்க நெட் இல்லை. காயும் அறையில் பெல்ட் உரசிக் குச்சிகள் பற்றின. பெட்டி அந்த நொடியே மோட்டாரை நிறுத்தித் தண்ணீரைத் திறந்தது. பெண்கள் நனைந்தபடி வெளியே ஓடிவந்தார்கள். ஒருத்திக்கும் காயமில்லை. நந்தகோபாலின் போனுக்குச் செய்தி சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது.

அவர் ஓடிவந்து கருகிய பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். “என்னமோ, நல்ல நேரம்…”

“நேரமெல்லாம் இல்ல அண்ணாச்சி,” என்றாள் உமா. “மருந்து முக்குற ரூமுக்கும் ஒண்ணு மாட்டணும்.”

“எப்ப?”

“நாளைக்கு அங்கன ஆளுக உள்ள போறதுக்கு முன்னாடி.”