ஆறாவது இட்லியில் கேட்கும் ‘போதும்’

வாசகரே, இன்று நீங்கள்தான் எனக்குச் சாட்சி. சென்ற வாரம் இதே இடத்தில், ‘வாயைக் கட்டியவனுக்கு வைத்தியன் எதற்கு?’ என்று நான் முழங்கியதைப் படித்தீர்கள் அல்லவா? அதை நினைவில் வைத்திருங்கள். தேவைப்படும்.

அந்த வரி ஒரு பட்டிமன்றத்துக்காகச் செதுக்கியது. வெள்ளானூரில் எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழா, வரும் ஞாயிற்றுக்கிழமை. தலைப்பு: சர்க்கரை நோய்க்குப் பெரிதும் காரணம் பரம்பரையா, பழக்கமா? எனக்கு ஒதுக்கியது பழக்கம். அணியைத் தருவது நடுவரின் வேலை. அதை நம்புவது பேச்சாளனின் வேலை. நான் நம்பினேன் – முழுமனதாக!

ஒத்திகைக்கு ஒரே பார்வையாளர், என் அண்ணன் கருணா. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். நான் ஒல்லி, அவர் என்னைப்போல் இரு மடங்கு. அப்பாவுக்கு இருந்த சர்க்கரை அவருக்கும் வந்துவிட்டது. மாலையில் அவர் தட்டோடு உட்காருவார். நான் எதிரே நின்று பேசுவேன்.

“சோக்கா கீதுடா! அந்த வாயைக் கட்டுறத இன்னொருவாட்டி சொல்லு” என்பார். சொல்வேன். தட்டைப் பாதியிலேயே தள்ளிவிடுவார். என் சொல்லாற்றலுக்கு வேறு சான்று வேண்டுமா என்று பூரித்துப்போனேன்.

வியாழன் காலை ஒரு போன். அண்ணனோடு ஷிப்டுக்குப் போகும் நண்பர்.

“தம்பி, உங்க அண்ணன் நெமிலிச்சேரி ஸ்டேஷன்ல மயங்கி உயுந்துட்டாரு. சட்டையெல்லாம் வேர்த்து ஊத்திகினு கீது, பேச்சே குளறுது. சீக்கிரம் வாப்பா!”

நான் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்து கிளினிக்கில் அவருக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. எந்த மேடையிலும் தடுமாறாத என் நாக்கு, ரிசப்ஷனில் அண்ணனின் பெயரைச் சொல்லத் தடுமாறியது.

“சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டு, ராத்திரியும் சாப்பிடலை, காலையிலயும் சாப்பிடலை” என்றார் டாக்டரம்மா. “சர்க்கரை ரொம்பக் கீழே போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா... யாருங்க இவருக்கு இந்த யோசனை சொன்னது?”

அண்ணன் கண்ணைத் திறக்காமலே என்னை நோக்கி விரலை நீட்டினார். “இவன்தான், டாக்டர். பேச்சுப் போட்டியில கப்பெல்லாம் வாங்கிக்கீறான்.”

சிரிப்பதா, அழுவதா? பழக்கதோஷம், நான் வாதாடினேன். “மனக்கட்டுப்பாடு இருந்தா, மேடம்...”

“பசி, திருப்தி எல்லாத்தையும் நடத்துறதுல மூளையில இருக்கிற ரசாயனங்களுக்குப் பெரிய பங்கு இருக்கு, தம்பி. அது எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. அந்த வித்தியாசத்துல கொஞ்சம் ஜீன் வழியாவே வருது. உங்களுக்கு ரெண்டாவது இட்லியில கேட்கிற ‘போதும்’ இவருக்கு ஆறாவதுல கேட்கலாம். அதுக்காக விதின்னு விட்டுடச் சொல்லலை. அவர் உங்களைவிட ரொம்ப அதிகமாப் போராடணும். அதைத்தான் நீங்க மனக்கட்டுப்பாடு இல்லைன்னு சொல்றீங்க.”

அண்ணன் இப்போது கண்ணைத் திறந்தார்.

“மெய்யாலுமா டாக்டர்? இத்தினி நாளா நான்தான் வெட்கங்கெட்டவன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

‘வாயைக் கட்டியவனுக்கு’ வரியை என் குறிப்புகளிலிருந்து மனதுக்குள் அடித்தேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “அதே அப்பாதானே உங்களுக்கும்? நீங்க எப்போ டெஸ்ட் பண்ணீங்க?”

பண்ணியதே இல்லை. ஒல்லியான உடம்பை நல்லொழுக்கச் சான்றிதழாக எண்ணித் திரிபவனுக்கு டெஸ்ட் எதற்கு? ஆனால் அன்று மதியம் தண்ணீர் குடித்தபோதெல்லாம் ஒரு பயம்... இது வெறும் தாகம்தானா? என் ரத்தத்தில் எது பதுங்கியிருக்கிறது? நம் உடம்பைப் பற்றி நாம் அடிக்கும் பெருமையில், உண்மையில் நாம் சம்பாதித்தது எவ்வளவு?

மாலையில் அண்ணனை ஆட்டோவில் அழைத்து வந்தேன். வழியில் மெல்லக் கேட்டார்: “ஞாயித்துக்கெழமை மேடையில இன்னாடா பேசப் போற?”

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்குமளவு உரக்கச் சொன்னேன்:

“நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட நானும் சுகர் டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கிறேண்ணா. வர்ற ரிசல்ட் எதுவா இருந்தாலும், மேடையில மொதல்ல அதத்தான் படிப்பேன்.”